கடலோரம் ஒரு ‘கேலி’ கதை!

29சி பஸ்ஸில் படிக்கட்டுப் பயணம் செய்திருக்கிறீர்களா? மயிலாப்பூர் தாண்டி திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் ஒரு காற்று வரும் பாருங்கள்... கீழே ஓடுகிற அடையாறு ஆற்றின் ‘நறுமண’மும் சேர்ந்தேதான் வரும். ஒரு கையால் கம்பி, ஒரு கையால் மூக்கு, அப்படித்தான் அதை ரசிக்க முடியும். (படிக்கட்டில் தொங்குவது ஆபத்து. இந்த வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது எடிட்டர்!)

“அடையாறு பத்தி ஒரு ரவுண்டு எழுதிட்டு வாப்பா. உடைஞ்ச பாலம், பீச், ஆலமரம்... ஜாலியா இருக்கட்டும்” என்று அனுப்பியதும் அதே எடிட்டர்தான். நானும் ஜாலியாகத்தான் கிளம்பினேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருடப் பையனுக்கு லேப் ரெக்கார்டு எழுதுவதிலிருந்து தப்பிக்க வேறு என்ன காரணம் வேண்டும்?

அடையாறு டிப்போவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மெட்ரோ தடுப்புகள். எல்.பி. ரோட்டில் நடப்பவருக்கு ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் ஹாரன். அதைத் தாண்டி காந்தி நகர், கஸ்தூரிபா நகர் உள்தெருக்களுக்குள் நுழைந்துவிட்டால் வேறு ஊர். மர நிழல், வாசலில் கோலம், காம்பவுண்டுக்குள் இங்கிலீஷில் குரைக்கும் நாய். அங்கிருந்து பெசன்ட் நகர் பக்கம் போய், ஊரூர் குப்பம் வழியாக மணலில் வடக்கே நடந்தால் உடைந்த பாலம். நம்ம சினிமாக்காரர்கள் ஹீரோவை அடிக்க, ஹீரோயினை அழவைக்க, வில்லனைப் புதைக்க என்று சகலத்துக்கும் பயன்படுத்திய அதே பாலம்தான். ஆறும் கடலும் சேரும் இடத்தில், 1977 வெள்ளத்தில் அறுந்துபோய் அப்படியே நிற்கிறது. அக்கரையில் பட்டினப்பாக்கம் தெரியும். கூப்பிட்டால் கேட்கும்போல இருக்கும். ஆனால், போக வேண்டுமென்றால் ஊரைச் சுற்றி பஸ் பிடிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கரை தெரிந்தும் போக முடியாத கதைதான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பசி. சாஸ்திரி நகர் பக்கம் ஒரு தள்ளுவண்டி. ஆம்லெட், பிரெட் டோஸ்ட், எக் நூடுல்ஸ். வண்டி என்னவோ சாதாரண வண்டிதான். ஆனால், அதை வைத்திருக்கும் அண்ணன் வெங்காயம் நறுக்கியதைப் பார்த்து, பசியை மறந்து நின்றுவிட்டேன். ‘டக்டக்டக்டக்...’ மூன்றே விநாடி. கத்தியை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தார். முட்டையை ஒற்றைக் கையால் உடைத்தார். மறுபடி துடைத்தார். வண்டியில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

“எங்கண்ணா கத்துக்கிட்டீங்க இதை?”

“கேலியில, தம்பி.”

சரி, நம்மைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவரே சிரித்தார். “கிண்டல் இல்லப்பா. கப்பல்ல சமையல்கட்டுக்கு கேலின்னு பேர். குரூஸ் கப்பல்ல ஏழு வருஷம்.”

இங்கேதான் என் ஜாலி கட்டுரை தடம் மாறியது. காரணம், என் பைக்குள் அப்போது ஒரு நோட்டீஸ் இருந்தது. ‘ஜிஎம்இ’ என்கிற கிராஜுவேட் மரைன் இன்ஜினீயரிங் கோர்ஸ். மெக்கானிக்கல் முடித்தவர்கள் ஒரு வருடம் படித்துவிட்டுக் கப்பல் இன்ஜின் ரூமுக்குப் போகலாம். என் க்ளாஸில் பாதிப் பேர் கையில் அந்த நோட்டீஸ் இருக்கிறது. “டாலர்ல சம்பளம்டா மச்சி, உலகம் சுத்தலாம்!” என்பதுதான் இப்போதைய ஹாஸ்டல் ஜபம். உலகம் சுற்றிவிட்டு ஆம்லெட் போடுகிற ஒருவர் கண்முன்னால் நிற்கும்போது சும்மா விடுவேனா?

“பேர் போடாதே. அந்தக் கம்பெனியில இன்னும் என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. கப்பல் பேரும் வேணாம்” என்றார். ஆகவே நமக்கு அவர் வெறும் அண்ணன்.

குரூஸ் கப்பல் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? நீச்சல் குளம், டான்ஸ், விடியவிடிய பஃபே. அதெல்லாம் மேல் தளங்கள். அண்ணன் இருந்தது கீழே. அங்கே நீளமாக ஒரு நடைபாதை போகும். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலை ஒன்றின் பெயரை வைத்து ‘ஐ-95’ என்று கூப்பிடுவார்களாம். காய்கறி மூட்டை, லாண்டரி வண்டி, ஷிஃப்ட் முடித்தவன், ஷிஃப்டுக்கு ஓடுகிறவன், எல்லாம் அந்த ஒரே ரோட்டில். அதை ஒட்டி க்ரூ கேபின்கள். ரயில் பெர்த் மாதிரி மேலே ஒருவர், கீழே ஒருவர். ஜன்னல் கிடையாது.

“ஏழு வருஷத்துல நான் கடலைப் பார்த்ததைவிட உருளைக்கிழங்கைப் பார்த்ததுதான் தம்பி ஜாஸ்தி.”

தரமணிப் பக்கம் கேட்டரிங் படித்துவிட்டு, மும்பை ஏஜென்ட் மூலமாகப் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து, உதவிச் சமையல்காரர் வரை ஏறியவர். எட்டு, ஒன்பது மாத கான்ட்ராக்ட். லீவ் நாள் என்பது கிடையாது. முடிந்ததும் இரண்டு மாதம் வீடு. மறுபடி கப்பல். 2019 ஆகஸ்ட்டில் அப்படி ஒரு கான்ட்ராக்டில் ஏறினார். ஏப்ரலில் இறங்க வேண்டும். இறங்கி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

அதற்குள் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கொஞ்சம் ரீவைண்ட். 2020 பிப்ரவரியில் நமக்கெல்லாம் கொரோனா என்பது டி.வி. செய்தி. சென்னைத் துறைமுகத்தில் சீனாவிலிருந்து வந்த கன்டெய்னர் ஒன்றில் ஒரு பூனை இருந்தது. அதைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்பதாம் வகுப்பு. பூனைக்காக வருத்தப்பட்டேன். அதே மாதம் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ என்கிற கப்பல் நின்றுகொண்டிருந்ததையும் டி.வி-யில் பார்த்தேன். அதற்குள் மாட்டிக்கொண்டிருந்த மனிதர்களுக்காக அவ்வளவு வருத்தப்பட்டேனா என்றால்... பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். ஹாங்காங்கில் இறங்கிப்போன ஒரு பயணிக்குத் தொற்று என்று தெரிந்ததும், பிப்ரவரி 5-லிருந்து எல்லோரும் அவரவர் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. 14 நாள். எல்லோரும் என்றால் பயணிகள். இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கதவைத் தட்டி வர வேண்டுமே? அதைச் சமைத்து, தட்டில் வைத்து, கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்து, எச்சில் தட்டைத் திரும்ப வாங்கிக் கழுவியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட க்ரூ. அவர்களுக்கு மட்டும் தனிமை கிடையாது. ராத்திரி அதே இரட்டைப் படுக்கை கேபின். சாப்பிடுவது அதே பொது மெஸ்.

விளைவு? முதல் சில நாட்களில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் சாப்பாட்டுப் பிரிவு. 16 பேரின் கேபின் மூன்றாம் தளத்தில். சாப்பாட்டுப் பிரிவு ஆட்கள் தங்கியிருந்த தளம் அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே வெளியிட்ட கணக்கு. கடைசியில் மொத்தம் 712 பேருக்குத் தொற்று. அதில் 145 பேர் ஊழியர்கள்.

அண்ணன் அப்போது உலகத்தின் மறுபக்கம், ஃப்ளோரிடா பக்கம் வேறு கப்பலில். “எங்க மெஸ்லயும் டி.வி. ஓடும். அந்தக் கப்பலைக் காட்டுவாங்க. நாங்க தட்டைக் கையில வெச்சுக்கிட்டே பார்ப்போம். பேசவே மாட்டோம். ஏன்னா, எங்களுக்குத் தெரியும், அந்தத் தட்டு எந்த வழியா எந்தக் கதவுக்குப் போகுதுன்னு.”

யோகோஹாமா கப்பலில் இந்தியர்கள் 138 பேர். பயணிகள் வெறும் 6. மீதி 132 பேரும் வேலை பார்த்தவர்கள். அவர்களில் சிலர் “எங்களைக் காப்பாத்துங்க” என்று செல்போனில் வீடியோ போட்டு அனுப்பியது நியூஸ் சேனல்களில் ஓடியது. பிப்ரவரி 27-ம் தேதி ஏர் இந்தியா விமானத்தில் 119 இந்தியர்கள் டெல்லி வந்து, மானேசர் ராணுவ முகாமில் தனிமையில் இருந்தார்கள். அந்தக் கப்பல் பதிவு செய்யப்பட்டது பிரிட்டனில், நடத்தும் கம்பெனி அமெரிக்கா, நிற்பது ஜப்பான், பாத்திரம் கழுவுகிறவர் இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேஷியர்... இப்படி இருந்தால் யார் பொறுப்பு? பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் இப்படித்தான். பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கோ ஒரு கொடி. அந்த நாட்டுத் தண்ணீரைக்கூடக் குடித்திருக்க மாட்டார்கள் கப்பலில் இருப்பவர்கள்.

மார்ச் 14-ம் தேதி அமெரிக்காவில் ‘குரூஸ் கப்பல்கள் ஓடக்கூடாது’ என்று உத்தரவு வந்தது. அண்ணனின் கப்பலில் இருந்த பயணிகள் எல்லோரும் சூட்கேஸோடு இறங்கிப் போனார்கள். “கையாட்டிட்டே போனாங்க. ஒரு பாட்டி, ‘உங்க ஊருக்கு சீக்கிரம் போயிடுங்க’ன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போச்சு. ரெண்டு வாரத்துல போயிடலாம்னுதான் நாங்களும் நெனச்சோம்.”

மார்ச் 22-லிருந்து இந்தியாவுக்குள் சர்வதேச விமானங்கள் கிடையாது. மூன்று நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. நமக்கு ஆல் பாஸ், அவருக்கு நோ பாஸ்!

இங்கே ஒரு வேடிக்கை. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கையில் ‘சிடிசி’ என்று ஒரு புத்தகம் இருக்கும். கண்டினியூவஸ் டிஸ்சார்ஜ் சர்ட்டிஃபிகேட். மாலுமியின் ஜாதகம். எந்தக் கப்பலில் எப்போது ஏறினான், எப்போது இறங்கினான் என்று அதில் பதிவாகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் சுருக்கப் பெயர் அதே சிடிசி! “ஒரு சிடிசி எங்களை ஏத்துச்சு. இன்னொரு சிடிசி இறங்க விடல” என்றார் அண்ணன். இந்த ஜோக்கை அவர் நிறையப் பேரிடம் சொல்லியிருப்பார்போல. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த மையம் சொன்னது இதுதான்: ஊழியர்களை இறக்கிவிட்டால் பொது விமானம், டாக்ஸி எதிலும் அனுப்பக்கூடாது. தனி விமானம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மீறினால் பொறுப்பு என்று கம்பெனியின் தலைகள் கையெழுத்துப் போட வேண்டும். நோய் பரவாமல் தடுக்க அப்படிச் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது. ஆனால், தனி விமானத்துக்குக் காசு? கம்பெனிகள் கணக்குப் போட ஆரம்பித்தன. ஏப்ரல் மாதம் அமெரிக்கக் கரைகளைச் சுற்றி மட்டும் சுமார் 100 கப்பல்கள். உள்ளே கிட்டத்தட்ட 80,000 ஊழியர்கள். ஒரு பயணிகூடக் கிடையாது. மே மாதம் மணிலா விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குரூஸ் கப்பல்கள், கோயம்பேடு பஸ் மாதிரி வரிசை கட்டி நின்றன.

நம் பக்கமும் இதே கதைதான். பிரிட்டன் கம்பெனி ஒன்றின் ‘மரெல்லா டிஸ்கவரி’ கப்பல், சுமார் 145 இந்திய ஊழியர்களோடு மும்பைக்கு வெளியே கடலில் காத்திருந்தது. சொந்த ஊர் லைட் தெரிகிறது, இறங்க முடியாது. இந்திய மாலுமிகளை இறக்குவதற்கான விதிமுறையை ஏப்ரல் 21-ல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பிறகு, 23-ம் தேதிதான் அவர்கள் மண்ணில் கால் வைத்தார்கள். உடைந்த பாலத்தை இப்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கப்பல் பஹாமாஸ் பக்கம் நங்கூரம் போட்டு நின்றது. கப்பலுக்குள்ளும் தொற்று வரக்கூடாது என்று ஆளுக்கு ஒரு கேபின் கொடுத்தார்கள். பயணிகள் காலி செய்துவிட்டுப் போன கேபின்கள். எட்டாவது தளம். பால்கனியோடு!

“என்ன சொல்றீங்கண்ணா... செம லக்!” என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

அவர் ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டார். “முதல் நாள் நானும் அப்படித்தான் நெனச்சேன். பெரிய மெத்தை, வெள்ளை பெட்ஷீட். கதவைத் திறந்தா கடல். ஏழு வருஷத்துல முதல் தடவையா சூரியன் உதிக்கிறதைப் படுத்துக்கிட்டே பார்த்தேன். அழுதுட்டேன். அஞ்சாவது நாளு... கதவுக்கு வெளியே டொக்குன்னு ஒரு சத்தம். சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டுப் போறான் ஒருத்தன். எத்தனை வருஷம் நான் வெச்ச தட்டு அது. இப்ப உள்ளே நான் உட்கார்ந்திருக்கேன். அன்னிக்கு ஜெயில்னு தோணிச்சு. அப்புறம் அந்தக் கடலைப் பார்க்கவே பிடிக்கல. திரையை இழுத்து விட்டுட்டேன்.”

நாளுக்கு இரண்டு முறை காய்ச்சல் பார்ப்பார்கள். அவ்வளவுதான் மனிதத் தொடர்பு. ஏப்ரல் நடுவில் கான்ட்ராக்ட் முடிந்தது. அதோடு சம்பளமும் முடிந்தது. சாப்பாடு, படுக்கை இலவசம்! பயணிகள் இல்லையென்றால் டிப்ஸும் இல்லை. வீட்டுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. வேலை முடிந்தவனை ஊருக்கு அனுப்பிவைப்பது கப்பல்காரரின் கடமை என்று 2006-ல் போட்ட சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவும் 2015-ல் அதில் சேர்ந்தது. ஆனால், விமானமே இல்லாதபோது ஒப்பந்தத்தை எந்த ஏர்போர்ட்டில் காட்டுவது?

அந்த மே மாதம் உலகத்தின் வெவ்வேறு கப்பல்களிலிருந்து சில ஊழியர்களின் மரணச் செய்திகள் வந்தன. நோயால் அல்ல. காத்திருக்க முடியாமல். இதைச் சொல்லும்போது அண்ணன் அடுப்பைச் சிம்மில் வைத்தார்.

“என் பக்கத்து கேபின்ல ஒரு மங்களூர்க்காரன். அந்த நியூஸ் வந்த அன்னிக்கு ராத்திரி செவுத்தைத் தட்டினான். ரெண்டு தட்டு. நானும் ரெண்டு தட்டு தட்டினேன். அப்புறம் அது வழக்கமாயிடுச்சு. தினம் ராத்திரி பத்து மணிக்கு அவன் எனக்குத் தட்டுவான், நான் எனக்கு அடுத்த கேபின் பிலிப்பைன்ஸ்காரனுக்குத் தட்டுவேன், அவன் அடுத்தவனுக்கு. கடைசி கேபின்ல இருந்து திரும்பி வரும். வந்தாத்தான் தூக்கம்.”

வண்டி அருகே ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. “அண்ணா, ரெண்டு பிரெட் ஆம்லெட், ஒண்ணு காரம் கம்மி.” அவர் அதைப் போட்டுக் கொடுக்கும்வரை நான் என் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வெள்ளை யூனிஃபார்மில் ஒருவன் தொடுவானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கேபினில் ஜன்னல் இருக்குமா என்று முதல் முறையாக யோசித்தேன்.

ஜூன் நடுவில் கம்பெனி ஏற்பாடு செய்த தனி விமானம் அவரை மும்பைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஹோட்டலில் ஒரு வாரம் தனிமை. இ-பாஸ். பிறகு சென்னை. இங்கே ஜூன் 19-லிருந்து மறுபடி முழு ஊரடங்கு. ஏர்போர்ட்டிலிருந்து அடையாறு வரை ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. ‘இது நம்ம ஊர்தானா?’ என்று இருந்ததாம். ஊரூர் குப்பம் பக்கத்தில் வாடகை வீடு. வாசலில் கார்ப்பரேஷன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். “எதிர்வீட்டு அக்கா, நான் சின்னப் பையனா இருந்தப்போ தூக்கி வளர்த்தவங்க, ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது தம்பி. எல்லாருக்கும் பயம்.”

அம்மா சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாராம். டொக்கென்று அதே சத்தம். “நான் கதவைத் திறக்கவே இல்ல. அம்மா பதறிட்டாங்க. ‘என்னப்பா, ஏம்பா’ன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது? அப்புறம், ‘தரையில வைக்காதம்மா, ஸ்டூல் மேல வை’ன்னேன்.”

இன்னொன்று. பீச் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால், எலியட்ஸ், மெரினா எல்லாமே பூட்டு. தமிழ்நாட்டுக் கடற்கரைகளை மக்களுக்குத் திறந்தது 2020 டிசம்பர் 14-ம் தேதி. கடலிலிருந்து வந்தவர், கடற்கரைக்குப் போக ஐந்து மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்.

அந்த டிசம்பர் கணக்கில் உலகம் முழுக்க, சரக்குக் கப்பல்களையும் சேர்த்து, கான்ட்ராக்ட் முடிந்தும் இறங்க முடியாமல் இருந்த கடல் தொழிலாளர்கள் சுமார் 4 லட்சம். அவர்களை மாற்றிவிட வேண்டிய இன்னொரு 4 லட்சம் பேர் வீட்டில், வருமானம் இல்லாமல். டிசம்பர் 1-ம் தேதி ஐ.நா. பொதுச் சபை, ‘கப்பல் ஊழியர்களை அத்தியாவசியப் பணியாளர்களாக அறிவியுங்கள்’ என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. நாம் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைன் க்ளாஸில் கேமராவை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கியபோது, அரிசியும் பெட்ரோலும் எப்படி ஊர் ஊராகப் போனது என்று யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததில்லை.

கப்பல்களுக்கு என்ன ஆனது? அதுவும் ஒரு தனிக்கதை. 2019-ல் ஆசையாக ஆரம்பித்த இந்தியக் குரூஸ் கம்பெனி ஜலேஷ், 2020 அக்டோபரில் மூடுவிழா கண்டது. அதன் ஒரே கப்பல் ‘கர்ணிகா’, குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைபடப் போனது. 1990-ல் கட்டிய கப்பல் அது. அதே 1990-ல் கட்டிய இன்னொரு கப்பலுக்கு வேறு தலையெழுத்து. ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’. ராயல் கரீபியன் நிறுவனம் 2020 டிசம்பரில் அதை விற்றது. அது ‘கோர்டெலியா’வின் எம்ப்ரஸாகி 2022 ஜூன் 4-ம் தேதி நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பியது. முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்தார். கேசினோ இருக்கிறது என்று புதுச்சேரி அந்தக் கப்பலை முதலில் உள்ளேயே விடாதது நினைவிருக்கலாம். அண்ணனுக்கு அந்தச் செய்தியைக் கேட்டதும் முதலில் வந்த சந்தேகம், “உள்ளே விடலேன்னா க்ரூ எத்தனை நாள் நிக்கணும்?” என்பதுதானாம். பயணிகளைப் பற்றி யாராவது கவலைப்படுவார்கள்.

தொழில் படுத்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 2019-ல் உலகம் முழுக்க 2.97 கோடிப் பேர் குரூஸ் போனார்கள். 2023-ல் 3.17 கோடி. கொரோனாவுக்கு முந்தைய கணக்கைத் தாண்டியாகிவிட்டது.

“நீங்க மறுபடி போனீங்களாண்ணா?” கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது.

“போனேனே! 2022-ல. ஒரு கான்ட்ராக்ட்.”

எனக்கு அதிர்ச்சி. அவருக்கு என் அதிர்ச்சியைப் பார்த்துத்தான் ஆச்சரியம். “அம்மா ஆபரேஷன் கடன், வீட்டு வாடகை பாக்கி, எல்லாம் யார் கட்டுவா? கப்பல்தான் மாட்ட வெச்சுது, கப்பல்தான் கடனையும் அடைச்சுது. மறுபடி அதே மாதிரி ஜன்னல் இல்லாத கேபின். ஒரு விஷயம் சொன்னா நம்ப மாட்டே. அதுலதான் நல்லாத் தூங்கினேன்.” 2023-ல் திரும்பி வந்து இந்த வண்டியைப் போட்டார். கல்யாணம் ஆனது. இனி போவதில்லை என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. “மழைக்காலத்துல யாவாரம் படுக்கும்போது, ஏஜென்ட் நம்பரைப் பார்ப்பேன்” என்றார்.

பையிலிருந்து நோட்டீஸை எடுத்துக் கொடுத்தேன். ‘போகாதே’ என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எண்ணெய் படாமல் இரண்டு விரலால் பிடித்து, பின்பக்கம் திருப்பி, கடைசி வரி வரை படித்தார்.

“கோர்ஸ் சரி. முடிச்சப்புறம் வேலைக்கு எந்த ஏஜென்ட் அனுப்பறான்னு பாரு. டிஜி ஷிப்பிங் குடுக்கிற ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்கணும். நம்பரைச் சரிபாரு. வேலை வாங்கித் தர்றதுக்குக் காசு கேட்டான்னா அங்கேயே எழுந்து வந்துடு. மாலுமிகிட்ட அதுக்குக் காசு வாங்கவே கூடாது, சட்டம். நான் குடுத்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு ஒன்றரை வருஷம் வட்டி கட்டினேன். அப்புறம், கான்ட்ராக்ட்ல தேதி முடிஞ்சப்புறம் உன்னை வெச்சிருந்தா சம்பளம் உண்டா இல்லையான்னு எழுதியிருக்கான்னு படி. சின்ன எழுத்துல இருக்கும். நான் படிக்கல.”

அதற்குள் இருட்டிவிட்டது. ‘வா’ என்று கூப்பிட்டார். வண்டியைப் பக்கத்துக் கடைப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பீச் வரை நடந்தோம். எலியட்ஸ் பீச்சில் அந்த வெள்ளை நினைவு மண்டபம் இருக்கிறதல்லவா, நாம் எல்லோரும் செல்ஃபி எடுப்போமே, கார்ல் ஷ்மிட் மண்டபம். 1930 டிசம்பர் 30-ல் இங்கே மற்றவர்களைக் காப்பாற்றக் கடலில் இறங்கி, தான் மூழ்கிப்போனவருக்காகக் கட்டியது. நூறு தடவை அதன் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். கல்வெட்டை அன்றுதான் படித்தேன்.

வடக்குப் பக்கம், துறைமுகத்துக்கு வெளியே, கடலில் வரிசையாக விளக்குகள். உள்ளே வர முறை வருவதற்காக நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். இத்தனை வருடம் அவற்றை நான் பார்த்திருக்கிறேன். ‘அழகு’ என்று ஸ்டேட்டஸ்கூடப் போட்டிருக்கிறேன். அண்ணன் விரலால் எண்ணினார். “ஏழு. நேத்து ஒம்போது இருந்துச்சு. ரெண்டு உள்ளே போயிடுச்சு.”

“தினமும் எண்ணுவீங்களாண்ணா?”

“சும்மாதான்.”

வண்டிக்குத் திரும்பியதும் பர்ஸை எடுத்தேன். இரண்டு ஆம்லெட், ஒரு பிரெட் டோஸ்ட். வாங்கவே மாட்டேன் என்றார். “பேட்டி எடுக்க வந்த பையன்கிட்ட காசு வாங்கறதா?” நானும் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் வண்டி ஓரம் தொங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காட்டினார்.

“சாப்பாட்டுக்கு வேணாம். டிப்ஸ் வேணா போடு. அது வாங்கித்தான் பழக்கம்!”

ஐம்பது ரூபாய்த் தாளைப் போட்டேன். அதை எடுத்து நீவி, மடித்துத் திரும்ப டம்ளருக்குள்ளேயே வைத்தார். அடுத்த கஸ்டமர் எக் நூடுல்ஸ் கேட்டார். டக்டக்டக்டக்... வெங்காயம் நறுக்கும் சத்தம் டிப்போ பக்கம் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. 29சி-யில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் ஸீட்.